சுண்ணாம்புப் பொட்டு

ராயப்பன்பட்டியில் புதிதாக வெட்டிய ஊர்க் கிணற்றில் இருபத்தெட்டு அடியில் பாறை வந்தது. வந்ததே வந்தது, ஓர் ஓரமாக வந்து தொலைத்திருக்கக் கூடாதா? வட்டம் முழுக்கப் பாய் விரித்த மாதிரி கறுப்பாகப் படுத்துக்கொண்டது. நான்கு நாள் முட்டிப் பார்த்ததில் கடப்பாறைகள் மழுங்கியதுதான் மிச்சம். பழைய கிணறு வற்றிப்போய்ப் பெண்கள் ஆற்றுக்கு நடந்து குடம் தூக்கிக்கொண்டிருந்தார்கள். போகும்போதும் வரும்போதும் புதுக் கிணற்றை எட்டிப் பார்த்து, அதை வெட்டிய ஆண்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள்.

பாறைக்கு வெடி வைக்க வேண்டும். வெடி வைக்க, மருந்தை அடைக்கத் துளை போட வேண்டும். அதற்குத் தமர் என்று பெயர். இடுப்பளவு நீளமுள்ள இரும்பு உளியை ஒருவன் குத்துக்காலிட்டுப் பிடித்துக்கொள்வான். இன்னொருவன் நின்றபடி அதன் தலையில் சம்மட்டியை இறக்குவான். ஒவ்வோர் அடிக்கும் முன்னால் பிடிக்கிறவன் உளியைக் கொஞ்சம் திருப்பி, "அடி" என்று குரல் கொடுப்பான். அந்தக் குரல் இல்லாமல் சம்மட்டி இறங்கக் கூடாது. துளைக்குள் கல்மாவு நிறைந்துவிட்டால், "இரு" என்பான். அப்போது சம்மட்டி தோளிலேயே நிற்கும்; அவன் நீளக் கரண்டியால் மாவை வாரிப் போட்டுவிட்டு மறுபடி "அடி" என்பான். தொழில் இவ்வளவுதான். சொல்வதற்குச் சுலபம். பிடித்திருக்கிற கைக்கும் சம்மட்டி விழுகிற இடத்துக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு சாண்.

ஊரில் சம்மட்டிக்காரன் இல்லாமல் இல்லை. பிலவேந்திரன் இருந்தான். மலைமேல் பெரியாற்று அணைக்காகச் சுரங்கம் குடைகிற வேலையில் இரண்டு வருஷம் சம்மட்டி பிடித்தவன். அவன் அடிக்கிற சத்தத்தை மட்டும் கேட்டே, "அந்தா, ராயப்பன்பட்டியான் அடிக்கான்" என்று மற்றவர்கள் சொல்வார்கள். அப்படிப்பட்டவன் எட்டு மாதமாக மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தான். ஏன் என்று ஊருக்கே தெரியும். அதனால்தான் யாரும் அவனைக் கூப்பிடவில்லை.

கடைசியில் உபதேசியார் ஞானதுரைதான் வாய் திறந்தார். கோயிலில் ஜெபம் சொல்லிக் கொடுக்கிறவர், எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். ஞாயிற்றுக்கிழமை ஜெபம் முடிந்ததும் பிலவேந்திரனைக் கோயில் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"ஏம்ப்பா, கெணத்துல பாறை கெடக்கு. நீ பாட்டுக்குப் புல்லுக்கட்டத் தூக்கிக்கிட்டு அலையிறியே?"

"நான் அடிக்கிறேன் உபதேசியாரே. யாரு பிடிப்பா?"

உபதேசியார் சுற்றியிருந்தவர்களைப் பார்த்தார். ஒருத்தன் குனிந்து செருப்பைத் தேடினான். ஒருத்தனுக்குத் திடீரென்று தண்ணீர் பாய்ச்சுகிற முறை நினைவு வந்துவிட்டது. கோயில் வாசல் காலியானது. பிலவேந்திரனுக்கு முகம் எரிந்தது. அவர்கள்மேல் கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. நியாயம் அவர்கள் பக்கம் இருப்பதுதான் அவனைக் கொன்றது.

நடந்தது இதுதான். சுரங்கத்தில் அவனுக்கு உளி பிடித்தவன் கூடலூர் சுருளியாண்டி. அவனைவிடப் பத்து வயது மூத்தவன். அதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஏலமலையில் மலையாளத்து ஆட்களோடு கிடந்தவன். இருவரும் ஒரே சட்டியில் கஞ்சி குடித்தவர்கள். பிலவேந்திரன் சேசுவைக் கும்பிட்டுக்கொண்டு சம்மட்டியைத் தூக்குவான், சுருளியாண்டி சுருளி வேலப்பரைக் கும்பிட்டுக்கொண்டு உளியைத் தொடுவான். பாறைக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. அன்றைக்குப் பக்கத்தில் இன்னொரு ஜோடியும் தமர் போட்டுக்கொண்டிருந்தது. யார் முதலில் முடிப்பது என்று பேச்சு வந்து, போட்டியாகிவிட்டது. இருட்டுக் குகைக்குள் சம்மட்டிச் சத்தம், கூச்சல், எதிரொலி. பிலவேந்திரன் காதில் "அடி" என்று விழுந்தது. அடித்தான். சுருளியாண்டியின் வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் போய்விட்டன.

"நான் அடின்டு சொல்லல. சொல்லவே இல்ல" என்றுதான் சுருளியாண்டி கத்தினான். பிலவேந்திரனோ, "மாதா மேல ஆணை, கேட்டுச்சுண்ணே, கேட்டுச்சு" என்று அழுதான். சுருளியாண்டி பொய் சொல்கிறவன் இல்லை. அப்படியென்றால், சொல்லாத சொல்லைக் கேட்கிற காது தன்னுடையது என்றுதானே ஆகிறது? பிலவேந்திரன் அந்த வாரமே மலையிறங்கிவிட்டான். அதற்குப் பிறகு வீட்டில் மனைவி கூப்பிட்டால்கூட, கூப்பிட்டாளா இல்லையா என்று ஒரு கணம் நின்று யோசிப்பான்.

சம்மட்டியை அவன் விட்டுவிடவில்லை என்பதுதான் வேடிக்கை. மாட்டுக்கொட்டத்துக்குப் பின்னால் ஒரு வேலங்கட்டையை நட்டு வைத்திருந்தான். அதன் தலையில், மனைவி செபஸ்தியம்மாளின் வெற்றிலைச் சுண்ணாம்பை எடுத்து ஒரு பொட்டு வைப்பான். பிறகு அடிப்பான். சம்மட்டி தோளுக்கு மேல் ஏறி, அங்கே ஒரு நொடி தன் கனத்தைத் தானே சுமந்துகொண்டு நிற்கும். பிறகு அவன் தள்ளாமலே இறங்கும். பத்துக்குப் பத்தும் பொட்டில் விழும். கட்டை மண்ணுக்குள் போனதும் அடுத்த கட்டை. எட்டு மாதத்தில் கொட்டத்துக்குப் பின்னால் இருந்த மண் முழுக்கக் கட்டையாகிவிட்டது.

உபதேசியார் கேட்ட அன்று சாயங்காலம் செபஸ்தியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று அடி, மூன்றும் பொட்டில்.

"கை சரியாத்தான இருக்கு. பெறகு என்ன?" என்றாள்.

"கட்டைக்கு வெரல் இல்ல தாயி."

அவள் உள்ளே போய் ஒரு கத்தரிக்காயைக் கொண்டுவந்து கட்டையின் பக்கவாட்டில், தலைக்கு ஒரு சாண் கீழே, நாரால் கட்டினாள். பிலவேந்திரன் சிரித்துவிட்டு அடித்தான். பொட்டில் விழுந்தது. கோழி முட்டையைக் கொண்டுவந்து வைத்தாள். அதுவும் உடையவில்லை. "பாத்தீகளா" என்றவள், சட்டென்று உட்கார்ந்து தன் கையாலேயே கட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அடிங்க" என்றாள்.

அவன் சம்மட்டியைத் தூக்கிவிட்டான். தூக்கிய பிறகுதான் தெரிந்தது, பொட்டு அவன் கண்ணில் படவே இல்லை. அவள் கைதான் தெரிந்தது. பித்தளை மோதிரம், நகத்தோரம் ஒட்டிய மாவு, ஒவ்வொன்றும் பளிச்சென்று தெரிந்தது. பார்க்காதே, பார்க்காதே என்று மனம் சொல்லச் சொல்லக் கண் அங்கேயே போனது. கண் போகிற இடத்துக்குத்தான் சம்மட்டியும் போகும் என்று இரண்டு வருஷம் அடித்தவனுக்குத் தெரியாதா? பிடி இறுகியது, மூச்சு நின்றது, முழங்கை மரத்தது. சம்மட்டியைப் பின்பக்கமாக வீசி எறிந்தான். அது போய்த் தண்ணீர்த் தொட்டியை உடைத்தது.

"சேசு மரி சூசையே! ஒனக்கென்ன பைத்தியமாடி?" என்று கத்தினான். கத்தியவன் அங்கேயே உட்கார்ந்து, முழங்காலுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். அவள் அவனைத் தேற்றவில்லை. உடைந்த தொட்டியிலிருந்து ஓடுகிற தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் சுவருக்கு அப்பாலிருந்து யோசனை சொன்னாள். "சனி பிடிச்சிருக்குத்தா. குச்சனூர் சனி கோயிலுக்குப் போயி ஒரு எள்ளு வெளக்கு போட்டுட்டு வரச் சொல்லு. உபதேசியாருக்குத் தெரியவா போகுது?" செபஸ்தியம்மாள் குச்சனூருக்குப் போகவில்லை. மறுநாள் விடிந்ததும் புருஷனிடம் ஆற்றுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, குடத்தைப் பாக்கியம் வீட்டில் வைத்துவிட்டு, கம்பம் வழியாகக் கூடலூருக்கு நடந்தாள். சுருளியாண்டியைப் பார்த்து என்ன சொன்னாள் என்று அவள் யாரிடமும் சொல்லவில்லை. பொழுது சாயும்போது அவனோடு திரும்பி வந்தாள்.

பிலவேந்திரன் வாசலில் அவனைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வா என்று சொல்ல நாக்கு வரவில்லை. சுருளியாண்டி இளைத்திருந்தான். வலது கையைத் துண்டுக்குள் வைத்திருந்தான்.

"என்னலே, ஆளே மாறிப்போன?" என்றான்.

"வாண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. இரண்டு பேரும் முற்றத்தில் எதிரெதிரே உட்கார்ந்து, மழை வருமா வராதா என்பதைப் பற்றி, அதில் ரொம்ப அக்கறை உள்ளவர்கள் மாதிரி பேசினார்கள். செபஸ்தியம்மாள் கம்பங்கஞ்சி கொண்டுவந்தாள். நடந்து வந்த பசி. சுருளியாண்டி வாய் நிறைய ஒரு மடக்குக் குடித்தான். அவள் மறுபடி ஊற்ற வந்தாள். ஊற்றிக்கொண்டே அடுப்பில் இருந்த குழம்பு பொங்குகிறதா என்று தலையைத் திருப்பிப் பார்த்தாள். கஞ்சி விளிம்புக்கு வந்துவிட்டது. சுருளியாண்டி மூன்று விரல் கையைச் சட்டிக்கு மேலே குறுக்கே நீட்டி, வாயில் கஞ்சியோடு என்னமோ சொன்னான்.

செபஸ்தியம்மாள் சிரித்துவிட்டாள். "யார அடிக்கச் சொல்றீக?"

"அடிக்கவா? மதின்டேன், தாயி. ஏலமலைப் பேச்சு. போதும்டு அர்த்தம்" என்றான் அவன்.

சொல்லி முடிப்பதற்குள் அவன் முகம் வெளுத்துவிட்டது. பிலவேந்திரன் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டிக்கு மேலே நீண்டிருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்றைக்கு அடி விழுந்த பின் அவன் பார்த்தபோது அந்தக் கை உளித் தலைக்குக் குறுக்கே கிடந்ததும் இப்படித்தான். இதே மாதிரி, உள்ளங்கை கீழே பார்க்க.

"மதி" என்றான் பிலவேந்திரன். வாய்க்குள் அந்தச் சொல்லை உருட்டிப் பார்த்தான். "மதி. அடி." செபஸ்தியம்மாளுக்குச் சிரிப்பு அடங்கிப்போனது.

"கல்மாவு நெறஞ்சிருச்சு. இருன்டு சொல்றதுக்குப் பதிலா அதத்தான சொன்ன?"

சுருளியாண்டி சட்டியைக் கீழே வைத்தான். இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை.

"எப்பத் தெரியும் ஒனக்கு?"

"மூணாம் நாளு. ஆஸ்பத்திரிக் கொட்டகையில தண்ணி ஊத்துனவன்கிட்ட மதின்டேன். யார அடிக்கன்டு கேட்டான். அப்பத் தெரியும்."

"எட்டு மாசம்ணே!" என்றான் பிலவேந்திரன். "எட்டு மாசமா என் காதையே நான் நம்பலியே. இவ கூப்புட்டாக்கூட நம்பலியே. ஒரு வார்த்த சொல்லிவிட ஒனக்கு ஆள் கெடைக்கலயா?"

"வெரல் போனது எனக்கு" என்றான் சுருளியாண்டி. மெதுவாகத்தான் சொன்னான். "குத்தமும் எனக்கேவா? ஒண்ணையாச்சும் நீ வச்சுக்கன்டு விட்டுட்டேன்."

பிலவேந்திரன் எழுந்து கொட்டத்துக்குப் பின்னால் போனான். கட்டையை அடிப்பான் என்று செபஸ்தியம்மாள் காத்திருந்தாள், சத்தமே வரவில்லை. தன் காது பொய்யில்லை என்ற சந்தோஷம் அவனுக்கு இருந்தது. எட்டு மாதத்தைத் திருடிக்கொண்டவன் முற்றத்தில் உட்கார்ந்திருக்கிறான் என்ற ஆத்திரமும் இருந்தது. இரண்டுக்கும் அடியில் இன்னொன்று அரித்துக்கொண்டிருந்தது. அதை அவன் யாரிடமும் சொன்னதில்லை, தனக்குத்தானேகூட முழுசாகச் சொன்னதில்லை. திரும்பி வந்தபோது அவன் தோளில் சம்மட்டி இருந்தது.

"காலையில கெணத்துக்கு வா" என்றான். "நீதான் பிடிக்கணும்."

சுருளியாண்டி தன் கையைப் பார்த்தான். பிறகு சரி என்று தலையை ஆட்டினான்.

மறுநாள் கிணற்றைச் சுற்றி ஊரே கூடிவிட்டது. உளி பிடிக்க வரச் சொன்னால் வராத கூட்டம், வேடிக்கைக்கு மட்டும் எங்கிருந்துதான் வருமோ! உபதேசியார் ஒரு கையில் ஜெபமாலையும் இன்னொரு கையில் குடையுமாக நின்றார். செபஸ்தியம்மாள் மட்டும் கிட்டே வரவில்லை. புளியமரத்தடியில் கிணற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

கிணற்றுக்குள் இறங்க இறங்க, மேலே ஆட்கள் பேசுகிற சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துபோயிற்று. அடியில் இரண்டே பேர். சுருளியாண்டி உளியை நிறுத்தி, இடது கையால் அல்லாமல் வலது கையாலேயே பிடித்தான்.

"எடது கையில பிடிண்ணே."

"இதுலதான் பிடிப்பேன். இதுல இனிமே போறதுக்கு என்ன இருக்கு?" சிரிக்கப் பார்த்தான். உதடு நடுங்கியது. அவனுக்கும் பயம் என்பதே அப்போதுதான் பிலவேந்திரனுக்கு உறைத்தது. எட்டு மாதமாகத் தன் பயத்தைத் தவிர வேறொருவன் பயத்தை அவன் நினைத்துப் பார்த்ததே இல்லை.

மடியிலிருந்து சுண்ணாம்பை எடுத்து உளித் தலையில் ஒரு பொட்டு வைத்தான். சம்மட்டியைப் பாதி உயரத்துக்கு மட்டும் தூக்கினான். கை தெரிந்தது. மூன்று விரலும், தழும்பும், இல்லாத இரண்டு விரலின் இடமும் தெரிந்தன. கண்ணை அங்கிருந்து பிடுங்கிப் பொட்டில் வைத்தான். அது நழுவி மறுபடி கைக்குப் போனது. மறுபடி பிடுங்கினான். காத்திருந்தான். சுருளியாண்டியிடமிருந்து குரலே வரவில்லை.

"சொல்லுண்ணே."

சுருளியாண்டி வாயைத் திறந்தான், மூடினான்.

"அடி."

சம்மட்டி இறங்கியது. சுண்ணாம்பு தெறித்தது. சின்ன அடிதான், செத்த அடி. ஆனால் பொட்டில் விழுந்தது. உளி திரும்பியது. "அடி." இன்னொன்று. பத்தாவது அடியில் மூச்சு வந்தது. இருபதாவதில் பிடி தளர்ந்தது. அதற்கப்புறம் சம்மட்டி முழு உயரத்துக்குப் போய், அந்த ஒரு நொடி மேலே நின்று, தானாக இறங்கத் தொடங்கியது. மேலே யாரோ, "அந்தா, பழைய சத்தம்" என்றார்கள். பிலவேந்திரனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எங்கோ தொலைத்த தன்னையே யாரோ கையில் கொடுத்த மாதிரி இருந்தது.

எத்தனையாவது அடியோ தெரியாது. சம்மட்டி தலைக்கு மேல் போய்விட்டது, இறங்கவும் ஆரம்பித்துவிட்டது.

"மதி."

பழக்கம் யாரை விட்டது? சுருளியாண்டியின் கை கரண்டிக்காகக் குறுக்கே நீண்டது. பிலவேந்திரன் இடுப்பை முறித்தான். சம்மட்டி உளியைத் தொடாமல், சுருளியாண்டியின் முழங்காலுக்கு அரை முழம் தள்ளிப் பாறையில் விழுந்து, பொறி கிளப்பி, பிலவேந்திரன் கையை விட்டுத் தாவியது.

சுருளியாண்டி தன் கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"கேட்டுச்சு" என்றான் பிலவேந்திரன். "மதின்டுதான் கேட்டுச்சு."

நல்ல சேதிதான். ஆனால் அவன் அழுதுகொண்டிருந்தான். பாறையில் உட்கார்ந்தான்.

"அண்ணே, அன்னைக்கும் கேட்டிருக்கும். சத்தம் பாதிக் காரணம்தான். நான் உளியப் பாக்கல. பக்கத்து ஜோடி எம்புட்டு எறக்கியிருக்கான்டு அவன் உளியத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பாத்திருந்தா ஒன் கை வந்தது தெரிஞ்சிருக்கும். நிறுத்தியிருப்பேன். இப்ப நிறுத்துனேன்ல? அன்னைக்கும் நிறுத்தியிருப்பேன்."

மேலேயிருந்து உபதேசியாரின் குரல் இறங்கி வந்தது. "என்னப்பா? ஏன் நின்னுபோச்சு?"

சுருளியாண்டி தலையைத் தூக்கினான். "ஒண்ணுமில்லங்க. கல்மாவு வாருறோம்" என்றான். பிறகு உண்மையாகவே கரண்டியை எடுத்துத் துளையில் விட்டு, நிதானமாக, கொஞ்சமும் மிச்சம் வைக்காமல் வாரினான். வாரி முடிக்கிறவரை பிலவேந்திரன் பக்கம் பார்க்கவில்லை.

"எனக்குத் தெரியும்டா" என்றான். "மதின்டு சொல்லிக்கிட்டே நிமுந்தேன். நீ அங்கன பாத்துக்கிட்டிருந்த. சம்மட்டி மட்டும் இங்கன வருது. ஒன் வாயால நீயே வந்து சொல்லுவன்டு எட்டு மாசமா வாசலப் பாத்தேன். நீ வரல. ஒம் பொண்டாட்டிதான் வந்தா."

பிலவேந்திரன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எழுந்து சம்மட்டியை எடுத்தான். அதன் காம்பில் ஒட்டியிருந்த மாவை வேட்டியில் துடைத்தான். உளித் தலையில் சுண்ணாம்பு அழிந்துபோயிருந்தது. சுருளியாண்டி அவன் மடியில் கையை விட்டுக் கொஞ்சம் எடுத்து, மூன்று விரலில் ஒரு விரலால் தானே பொட்டு வைத்தான். பிறகு அந்தக் கையாலேயே உளியைப் பிடித்தான்.

"உளியப் பாரு" என்றான்.

"பாக்குறேன்ணே."

"அடி."